டூலியின் மதுக்கடை: நாளிதழ் நையாண்டிப் பத்திகள் நூலாகும்போது எஞ்சுவது என்ன?

#1 நூலகப்பூச்சி

அரசியலையும் நாட்டு நடப்பையும் கேலி செய்து நாளிதழ்களில் வாராவாரம் வெளியான பத்திகளைத் தொகுத்து நூலாக்கும் வழக்கம் பல மொழிகளில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைக்கு வந்துவிடுவதும் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டியும் முழுதாகச் செத்துவிடாத ஒரு தொகுப்பைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

சிகாகோ நகரத்துப் பத்திரிகையாளரான ஃபின்லி பீட்டர் டன் 1893 அக்டோபரில் ‘ஈவினிங் போஸ்ட்’ நாளிதழில் டூலி என்ற பாத்திரத்தை அறிமுகப்படுத்தினார். அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியிலிருந்து குடியேறி, பிரிட்ஜ்போர்ட் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் மதுக்கடை நடத்தும், கல்யாணமாகாத பெரியவர் அவர். ஆலைத் தொழிலாளியான ஹென்னெசி கடைக்கு வந்து ஏதேனும் ஒரு சந்தேகத்தைக் கிளப்புவார். அன்றைய செய்தித்தாளை வரி விடாமல் படித்து வைத்திருக்கும் டூலி, நகரமன்றத் தேர்தலில் தொடங்கி பிலிப்பைன்ஸ் தீவுகள் வரை எல்லாவற்றுக்கும் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் அமர்ந்து அரசியல் பேசுவதாக நம் நாளிதழ்களில் வரும் பத்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

1898இல் வெளிவந்த முதல் தொகுப்பை அண்மையில் படித்து முடித்தேன். பாதிக் கட்டுரைகளுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். மீதிப் பாதியில் யார் இவர், என்ன சண்டை, எதற்காக இந்தக் குத்தல் என்பது விளங்காமல், பக்கத்து வீட்டுத் திருமணத்தில் உறவுமுறை தெரியாமல் உட்கார்ந்திருப்பவனைப் போல விழித்தேன். எங்கள் வாசகர் வட்டத்துக்காக இருபது பத்திகளைத் தமிழாக்கம் செய்ய எண்ணியிருக்கிறேன். எவற்றை எடுப்பது, அடிக்குறிப்பு போடுவதா வேண்டாமா, எந்தத் தமிழில் டூலியைப் பேசவைப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

#2 தெற்குவாசல்

தங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம், ஐயா. நாளிதழ் நையாண்டி காலையில் பிறந்து மாலையில் வடை மடிக்கப் போகும் பொருள் என்பதுதான் என் எண்ணம். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே செய்தியை அன்று காலையில் படித்திருக்கிறார்கள் என்ற உடன்பாட்டின் மேல்தான் அந்தச் சிரிப்பு நிற்கிறது. அந்த உடன்பாட்டை அடிக்குறிப்பால் திரும்ப உண்டாக்க முடியாது. விளக்கிச் சொன்ன பிறகு வரும் சிரிப்பு, சிரிக்க வேண்டும் என்ற மரியாதையால் வரும் சிரிப்பே.

நானும் அந்த நூலைப் புரட்டியிருக்கிறேன். டூலி ‘என் பங்காளி ஜார்ஜ்’ என்று பெருமையடிக்கும் கட்டுரையைப் படித்தேன். ஜார்ஜ் யார் என்று தெரியாததால் அடுத்த கட்டுரைக்குப் போனேன். அங்கே இன்னும் மூன்று பேரைத் தெரியவில்லை. நூலை மூடி வைத்துவிட்டேன்.

#3 அச்சுக்கூடம்

தெற்குவாசல் அவர்கள் மூடி வைத்த அந்தக் கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது அவருடைய வாதத்துக்கும் சான்று, அதற்கு மறுப்பும் சான்று.

அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான போரில், 1898 மே 1ஆம் நாள் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் ஸ்பெயினின் கப்பற்படையை அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் டியூவி அழித்தார். கடலடித் தந்திக் கம்பியை அவரே துண்டித்துவிட்டதால், வென்றார் என்பது அரைகுறையாகத் தெரிந்தும் முழு விவரம் தெரியாமல் ஏறத்தாழ ஒரு வாரம் அமெரிக்கா தவித்தது. அந்த இடைவெளியில்தான் டூலி வாயைத் திறக்கிறார்: டியூவி, டூலி என்று பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் அவர் தமக்குச் சொந்தக்காரர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, நாடே கவலைப்படும்போது ‘நம் பையன் நன்றாகத்தான் இருப்பான்’ என்று குடும்பத்துப் பெரியவரின் தோரணையில் ஆறுதல் சொல்கிறார். அந்தப் பத்தி நாடு முழுவதும் பல நாளிதழ்களில் மறுபதிப்பானது. அதுவரை சிகாகோவுக்குள் அடங்கியிருந்த டன்னை ஒரே வாரத்தில் தேசமறியச் செய்ததும் அதுவே.

தந்திக் கம்பி அறுந்த கதை தெரியாதவருக்கு இதில் பாதி நகைச்சுவை போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஒரு பெரிய மனிதர் புகழடைந்த மறுநாளே அவருக்குப் பங்காளிகள் முளைப்பதைப் பார்த்திராத ஊர் எது? பெயர் போனாலும் அந்தப் பெருமை நிற்கிறது. நாளிதழ்ப் பத்தியில் செய்தி என்பது படச்சட்டம். அதற்குள் பேசும் மனிதனின் தோரணைதான் படம். சட்டம் உளுத்துப்போனால் படத்தை எடுத்து வேறு சட்டத்தில் மாட்டலாம்.

#4 தெற்குவாசல்

படம் இருந்தால் மாட்டலாம். தொகுப்பில் எத்தனை கட்டுரைகளில் இருக்கிறது என்பதே கேள்வி.

#5 வரப்போரம்

‘எவற்றை எடுப்பது’ என்ற நூலகப்பூச்சியின் முதல் கேள்வியைத்தான் யாரும் தொடவில்லை. என் பார்வையில் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நாம் ‘தொகுப்பு’ என்று சொல்லிக்கொண்டிருப்பது யாரோ தேர்ந்து எடுத்துத் தந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

டன் 1893 முதல் 1898 வரை வாரத்துக்கு ஒன்றாக இருநூற்றுக்கும் மேற்பட்ட டூலி பத்திகளைச் சிகாகோ வாசகர்களுக்காக எழுதினார். அவை அந்த ஊரைப் பற்றியவை: தீயணைப்பு வீரர்கள், வேலையில்லாத குளிர்காலம், தேர்தலன்று நடக்கும் அடிதடி, நகரமன்ற உறுப்பினர்கள் வாங்கும் பணம், அயர்லாந்தின் விடுதலைக்காக அமெரிக்காவில் நடக்கும் விருந்துகளும் வசூல்களும். பிறகு 1898இல் போர் வந்தது, புகழும் வந்தது. பாஸ்டன் பதிப்பகம் வெளியிட்ட முதல் தொகுப்பில் போர்க் கட்டுரைகள் முன்னால் நின்றன. ஊர்க் கட்டுரைகளில் சில மட்டும் பின்பகுதியில் இடம்பிடித்தன. சிகாகோவுக்கு வெளியே இருப்பவருக்குப் புரியாது என்று கருதப்பட்டவை நூலேறவே இல்லை. டன்னும் அவற்றைப் பெரிதாக மதித்துப் பாதுகாக்கவில்லை. நாளிதழ்க் கோப்புகளில் கிடந்தவற்றைத் தேடியெடுத்து, நாள் குறித்து, பின்னணி எழுதி சார்லஸ் ஃபானிங் என்ற ஆய்வாளர் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது 1976இல்தான். இடையில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அன்று உலகச் செய்தி என்று கருதி நூலில் சேர்த்தவை இன்று அடிக்குறிப்பில்லாமல் நகர மறுக்கின்றன. உள்ளூர்ச் செய்தி என்று கழித்துக் கட்டியவை இன்று நேராகப் புரிகின்றன. ஸ்பெயினின் தூதர் பெயர் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் தீ விபத்தில் செத்த வீரரைப் பற்றி மதுக்கடையில் இருவர் தாழ்ந்த குரலில் பேசுவது எந்த ஊரிலும் விளங்கும். ஆகவே நூலகப்பூச்சி அவர்கள் 1898ஆம் ஆண்டுத் தொகுப்பை மட்டும் நம்பி இருபதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

#6 அச்சுக்கூடம்

வரப்போரம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்தச் சிகாகோ பத்திகளில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எனக்கு இந்த எழுத்தாளர் மீது மதிப்பு ஏற்பட்டதே அதனால்தான்.

1893இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, ரயில் பெட்டிகள் செய்யும் முதலாளியான ஜார்ஜ் புல்மன் தம் தொழிலாளர்களின் கூலியைச் சராசரியாகக் கால் பங்கு குறைத்தார். தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் அவருடைய நிறுவனத்துக்கே சொந்தம். வாடகையை மட்டும் அவர் குறைக்கவில்லை. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜீன் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிற்சங்கம் ஆதரவில் இறங்கியதும் அது நாடு தழுவியதாயிற்று. குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பினார். வேலைநிறுத்தம் உடைந்தது. ஆகஸ்டில் புல்மன் குடியிருப்பில் பட்டினி. அந்த மாதம் வந்த டூலி பத்தியில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. குழந்தைகள் பசியால் அழுதால் புல்மனுக்கென்ன என்னும் கேள்வியே அதன் அடிநாதம். அதை அச்சுக்கோத்த தொழிலாளர்கள் கையிலிருந்த கோப்புச் சட்டத்தால் எழுத்துப் பெட்டிகளைத் தட்டி ஆரவாரித்ததாகவும், டன் உள்ளே வந்தபோது கைதட்டியதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது பேச்சுவழக்கின் பயன். முதலில் டன் உருவாக்கிய பாத்திரம் டூலி அல்லர்; நகரின் நடுவே கடை வைத்திருந்த மெக்கேரி என்ற உண்மையான மதுக்கடைக்காரரை அடியொற்றி ‘கர்னல் மெக்னீரி’ என்ற பாத்திரத்தில்தான் தொடங்கினார். ஊரார் கேலி செய்யத் தொடங்கியதும் மெக்கேரி நாளிதழின் உரிமையாளரிடமே போய் முறையிட்டார். அதன்பிறகே கடையை எளிய மக்கள் வாழும் பிரிட்ஜ்போர்ட்டுக்கு மாற்றி, கற்பனை மனிதரான டூலியை உட்கார வைத்தார் டன். ஒரு நகரமன்ற உறுப்பினரைத் திருடன் என்று நல்ல ஆங்கிலத்தில் தலையங்கம் எழுதினால் வழக்கு வரும். ஒரு வேடிக்கையான அயர்லாந்துக்காரர் தம் கொச்சையில் அதையே சொன்னால் வழக்குப் போடுபவர்தான் கேலிக்கு ஆளாவார் என்பதைத் தாம் உணர்ந்திருந்ததாக டன் பின்னாளில் எழுதியிருக்கிறார். டிராம் வண்டி உரிமங்களுக்காகச் சார்லஸ் யெர்கீஸ் என்ற முதலாளி நகரமன்றத்தை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. கொச்சை மொழி என்பது அங்கே அலங்காரம் அன்று, கவசம்.

#7 மைக்கூடு

நூலாகும்போது அந்தக் கவசத்துக்கு வேலை இல்லை. நூலை வாங்கியவர்கள் அவதூறு வழக்குப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அல்லர். அயர்லாந்துக்காரரின் உச்சரிப்பைப் படித்துச் சிரிக்க விரும்பியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஒரே எழுத்து நாளிதழில் ஆயுதமாகவும் நூலில் பொம்மையாகவும் ஆகியிருக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

#8 நூலகப்பூச்சி

மைக்கூடு அவர்களின் ஐயம் நியாயமானது. அந்த எழுத்துக்கூட்டல் இன்று ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களையே விரட்டுகிறது என்பதும் உண்மை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் மட்டுமே எனக்குப் பல வரிகள் புரிந்தன. பேருந்தில் அப்படிப் படித்தபோது பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மூன்றாவது கேள்வி இங்கேதான் என்னை நெருக்குகிறது. டூலியை எந்தத் தமிழில் பேசவைப்பது? முதல் முயற்சியாக இரண்டு பத்திகளைச் சென்னைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். வேகம் வந்துவிட்டது, சொல்லுக்குச் சொல் தெறித்தது. ஆனால் ஏதோ தவறாகவும் பட்டது.

#9 வரப்போரம்

தவறாகப் பட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் திரைப்படங்கள் நெடுங்காலமாகச் சென்னைத் தமிழைச் சிரிப்புக்காரர்களின் வாயிலேயே வைத்துப் பழக்கியிருக்கின்றன. அந்த மொழி கேட்டவுடன், சொல்லப்படும் கருத்தைக் கேட்பதற்கு முன்பே, சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். டன்னுக்கும் இதே இடர் இருந்தது. குடித்துவிட்டு உளறும் மேடை அயர்லாந்துக்காரர் என்ற கேலிச்சித்திரம் அமெரிக்க நாடகக் கொட்டகைகளில் ஏற்கெனவே உலவியது. டன் அதே உச்சரிப்பை எடுத்துக்கொண்டு, அதைப் பேசுபவரையே அறையிலுள்ள மிகக் கூர்மையான மனிதராக்கினார். டூலி தம் கடையிலேயே நிதானமாக இருப்பவர். தமிழிலும் அந்தப் புரட்டலைச் செய்ய முடிந்தால் சென்னைத் தமிழே பொருத்தம், முடியாவிட்டால் வேண்டாம்.

#10 தெற்குவாசல்

எந்த வட்டார வழக்கும் வேண்டாம் என்பது என் கருத்து. நெல்லைத் தமிழிலோ கொங்குத் தமிழிலோ பேசினால் டூலி அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார். பிறகு அவர் வாயிலிருந்து அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் பெயர் வரும்போது நாடகத்தில் வேடம் கலைந்ததைப் போலாகும். ஊர்ப் பெயர் சொல்ல முடியாத, ஆனால் நாக்கில் புழங்குகிற, வயதானவர் ஒருவரின் பேச்சுத் தமிழ் போதும். வாக்கியத்தின் நீளமும் நிறுத்தமும்தான் டூலி, எழுத்துக்கூட்டல் அன்று.

(முதலில் ‘நூலை மூடி வைத்துவிட்டேன்’ என்று எழுதியவன்தான் நான். இந்த இழையின் பிறகு நேற்றிரவு மறுபடி திறந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

#11 மைக்கூடு

தொகுப்புகள் இழப்பதைப் பற்றிப் பேசும்போது, அவற்றிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட வரிகள் படும் பாட்டையும் குறிப்பிட வேண்டும். ‘துன்புறுவோருக்கு ஆறுதலும், சுகமாய் இருப்போருக்குத் துன்பமும் தருவது நாளிதழின் வேலை’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாசகம் இதழியல் உலகில் புனித மந்திரம் போல ஓதப்படுகிறது. அதன் மூலம் டூலி. ஆனால் அங்கே அவர் நாளிதழைப் போற்றவில்லை. நாளிதழ்தான் காவல்துறையையும் வங்கிகளையும் நடத்துகிறது, சட்டமன்றத்தையும் ஆட்டிவைக்கிறது, சின்னஞ்சிறுசுகளுக்கு ஞானஸ்நானம் செய்கிறது, செத்தவரைப் புதைக்கிறது, புதைத்த பிறகு வறுத்தும் எடுக்கிறது என்று அதன் அதிகார வெறியைக் கிண்டலடித்துப் பட்டியலிடும்போது, நடுவில் வரும் ஓர் உருப்படி அது. கேலி செய்யப்பட்டவர்களே கேலியைத் தங்கள் கொடியில் எழுதிக்கொண்டார்கள்.

உச்ச நீதிமன்றம் பற்றிய வரிக்கு இந்தக் கதி நேரவில்லை. 1901இல், அமெரிக்கா புதிதாகப் பிடித்த தீவுகளுக்கு அதன் அரசியலமைப்புச் சட்டம் முழுமையாகப் பொருந்துமா, அதாவது கொடி போகும் இடமெல்லாம் சட்டமும் பின்தொடருமா என்ற வழக்குகளில் நீதிபதிகள் பிளவுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். கொடியைச் சட்டம் பின்தொடர்கிறதோ இல்லையோ, தேர்தல் முடிவுகளை உச்ச நீதிமன்றம் பின்தொடர்கிறது என்றார் டூலி. அந்த வழக்குகளின் பெயரை அறியாதவர்களும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள், பொருள் மாறாமல்.

#12 நூலகப்பூச்சி

அப்படியானால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஸ்பெயினுடனான அதே போரில் கியூபாவில் தம் படைப்பிரிவு செய்த சாகசங்களைத் தியோடர் ரூஸ்வெல்ட் 1899இல் நூலாக எழுதினார். டூலி அதற்கு மதிப்புரை சொன்னார்: ‘கியூபாவில் நான் தனியாக’ என்று தலைப்பு வைத்திருக்கலாம் என்று. போர் முழுவதையும் ஒரே ஆள் நடத்தியதைப் போல எழுதியிருக்கிறாரே என்பதுதான் குத்தல். அப்போது நியூயார்க் மாநில ஆளுநராக இருந்த ரூஸ்வெல்ட் சினக்கவில்லை; தம் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் இந்த மதிப்புரையைப் படித்து மகிழ்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் தெரிவிப்பதாக டன்னுக்குக் கடிதம் எழுதினார். பிறகு இருவரும் நண்பர்கள் ஆனார்கள். அடிபட்டவரே சிரித்தால் அந்த அடிக்கு என்ன மதிப்பு?

#13 தெற்குவாசல்

மதிப்பு குறைவுதான். பிலிப்பைன்ஸை என்ன செய்வது என்று நாடே விவாதித்தபோது, இரண்டு மாதத்துக்கு முன்பு அது தீவா, டப்பாவில் அடைத்த சரக்கா என்றே தெரியாத நாம் இப்போது ஆலோசனை சொல்கிறோம் என்று டூலி எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். 1898 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2 கோடி டாலருக்கு அந்தத் தீவுகள் அமெரிக்காவின் கைக்கு வந்தன. சிரித்தவர்கள்தான் வாங்கினார்கள்.

ஆள்பவர் சிரிக்காத எடுத்துக்காட்டு வேண்டுமானால் டப்ளினுக்குப் போகலாம். அரசு ஊழியராக இருந்துகொண்டே 1940 முதல் ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் புனைபெயரில் நையாண்டிப் பத்தி எழுதிய பிரையன் ஓநோலன், தம் துறை அமைச்சரையே கிண்டல் செய்யப் போய் 1953இல் வேலையை விட்டு வெளியேற நேர்ந்தது. அதிகாரத்துக்கு உறைத்ததற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

#14 அச்சுக்கூடம்

வேலை போனதால் மட்டும் எழுத்து கூர்மையானது என்று அளந்துவிட முடியாது, ஐயா. சிரித்ததால் மழுங்கியது என்றும் சொல்ல முடியாது. ரூஸ்வெல்ட்டின் சிரிப்பு அரசியல் சாமர்த்தியம். கோபித்துக்கொண்டிருந்தால் அந்தத் தலைப்பு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிரித்ததால் ஒட்டவில்லையா என்றால், இன்று நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோமே.

ஆனால் டன்னின் எழுத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது என்பதை மறுக்க மாட்டேன். 1900இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பின் அவர் பெரிய மனிதர்களோடு பழகினார், பல நாளிதழ்களுக்கு ஒரே பத்தியை அனுப்பினார். டூலியின் பேச்சு இன்னும் மெருகேறியது. ஆனால் அவருடைய தெரு மங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவது குறைந்தது. எழுதுவது அவருக்கு எப்போதும் வேதனையாகவே இருந்தது; 1927இல் ஒரு பணக்கார நண்பர் உயில் எழுதி வைத்துவிட்டுப் போன 5 லட்சம் டாலர், அந்த வேதனையிலிருந்து அவரை முற்றாக விடுவித்தது. பத்தி எழுத்தாளர்கள் பொறாமைப்படத்தக்க முடிவு.

#15 வரப்போரம்

தமிழாக்கம் செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை. பிலிப்பைன்ஸ் மக்களையும் கறுப்பின மக்களையும் குறிக்க டூலி பயன்படுத்தும் சில சொற்கள் இன்று காதில் அறைகின்றன. ஓரிடத்தில் அவை பேசுபவரின் அறியாமையைக் காட்ட வைக்கப்பட்டவை, வேறோரிடத்தில் அக்காலத்து வழக்கம் என்பதற்குமேல் எதுவும் இல்லை. இரண்டையும் மென்மையாக்கி ஒரே நிறமடித்துவிடாதீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் அந்தப் பத்தியையே விட்டுவிடலாம். உள்ளே இருப்பதைத் திருத்துவது மட்டும் கூடாது.

#16 நூலகப்பூச்சி

அனைவருக்கும் நன்றி. என் பட்டியலைக் கலைத்து மறுபடி அடுக்கியிருக்கிறேன். போர்க் காலத்துப் பத்திகள் ஐந்து. சிகாகோ காலத்தவை பன்னிரண்டு. நாளிதழ்களைப் பற்றியதும் உச்ச நீதிமன்றத்தைப் பற்றியதும் உட்பட நியூயார்க் காலத்தவை மூன்று. அடிக்குறிப்பு வேண்டாம் என்று முடிவு செய்துள்ளேன். முதல் தொகுப்பில் இல்லாத ஒன்றை, அதாவது ஒவ்வொரு பத்தியும் நாளிதழில் வெளியான நாளைத் தலைப்புக்குக் கீழே தருவேன். அந்த வாரம் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் முன்னாலேயே சொல்லிவிடுவேன். சிரிப்புக்குப் பின் வரும் விளக்கம்தானே தெற்குவாசல் அவர்களை உறுத்துகிறது. விளக்கம் முன்னால் வந்தால் அது வெறும் செய்தி.

டூலியின் தமிழைப் பொறுத்தவரை சென்னைத் தமிழில் எழுதிய இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஊர் காட்டாத பேச்சுத் தமிழில் புல்மன் பத்தியைத் தொடங்கியிருக்கிறேன். ஹென்னெசிதான் தொல்லை தருகிறார். மூலத்தில் அவர் டூலியைப் பெயர் சொல்லி அழைப்பதில் பழக்கமும் மரியாதையும் சேர்ந்து வருகின்றன. தமிழில் ‘அண்ணே’ என்றால் வயது இடிக்கிறது. ‘முதலாளி’ என்றால் நட்பு போய்விடுகிறது.

#17 மைக்கூடு

‘பெரியவரே’ என்று வைத்துப் பாருங்கள். கோபம் வரும்போது மட்டும் ‘யோவ் பெரியவரே’.

#18 தெற்குவாசல்

புல்மன் பத்தி முடிந்ததும், அந்த இரண்டு வாக்கிய முன்னுரையை எடுத்துவிட்டு, வெறும் பத்தியை மட்டும் எனக்கு முதலில் அனுப்புங்கள். எந்த வரியில் புரியாமல் நின்றேன் என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். முன்னுரையில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை அந்தக் குறிகளை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.